மிதிவண்டியை விட்டு இறங்கிய தாத்தா



சில வாரங்களுக்கு முன் ஆறாம் ஆண்டு வகுப்பில் பழைய தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். விடியுமுன் பெரட்டு, பால்மரம் வெட்டுதல், லயத்து வீடு, கள்ளுக்கடை என்று சொல்லிக்கொண்டே வந்தபோது ஒரு மாணவி கையை உயர்த்தினாள். “சார், நம்ம தாத்தா பாட்டியெல்லாம் ஏன் சார் ஒன்னுமே கேட்காம அடங்கியே இருந்தாங்க?” என்றாள்.

வகுப்பு அமைதியாக இருந்தது. அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, ஏளனமும் இல்லை. நம் முன்னோர் அடங்கியே வாழ்ந்தவர்கள் என்பதைப் பன்னிரண்டு வயதுக் குழந்தை ஒருத்தி ஐயமற்ற உண்மையாக ஏற்றுக்கொண்டிருந்தாள். காரணம் மட்டுமே அவளுக்குத் தேவைப்பட்டது. அன்று என்னால் முழுமையாக விடை சொல்ல இயலவில்லை. மணி அடித்துவிட்டது. அந்த விடையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டில் எனக்கு எட்டு வயது. சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். தாத்தா என்னை மிதிவண்டியின் பின்னால் அமர்த்திக் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்வார். வழியில் பெரிய துரை பங்களாவின் வாசல் வரும். அங்கே வந்ததும் தாத்தா இறங்குவார். வண்டியை ஐம்பதடி தூரம் தள்ளிக்கொண்டே நடப்பார். பிறகு ஏறி மிதிப்பார். பங்களாவில் அப்போது யாருமில்லை. வெள்ளைக்காரத் துரை போய் ஆண்டுகள் பல ஆகியிருந்தன. சன்னல்கள் பூட்டிக் கிடந்தன.

“யாருமே இல்லையே தாத்தா, ஏன் இறங்குறீங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பழகிப் போச்சு ஐயா” என்றார்.

நாடு விடுதலை பெற்று 21 ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. எந்தச் சட்டமும் அவரை இறங்கச் சொல்லவில்லை. பூட்டிய பங்களாவின் முன் என் தாத்தாவை இறங்க வைத்தது எது?

எல்லாரும் நம்பினால் அதுவே உண்மை

நம் சட்டைப்பையில் இருக்கும் பத்து ரிங்கிட் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதை உண்ண இயலாது, உடுத்த இயலாது. கடைக்காரர் அதை ஏற்றுக்கொண்டு அரிசி தருகிறார். அடுத்தவர் தம்மிடமிருந்து அதை ஏற்பார் என்று அவர் நம்புகிறார். அந்த அடுத்தவரும் அவ்வாறே நம்புகிறார். அரசின் ஆணை ஒருபுறம் இருக்க, இந்த நம்பிக்கைச் சங்கிலிதான் அத்தாளைப் பணமாக்குகிறது.

அந்தச் சங்கிலி அறுந்ததை நம் மூத்த தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய இராணுவ ஆட்சி இங்கே தனக்கென நோட்டுகளை வெளியிட்டது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சிட்டிருந்ததால் மக்கள் அதை வாழைமர நோட்டு என்றனர். போகப்போக வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். விலைவாசி ஏறியது. 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் அந்த நோட்டுகள் செல்லாது என்றது. பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருந்த பணம் வெறுங்காகிதம் ஆனது. பிள்ளைகள் அதை வைத்து விளையாடியதாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நோட்டின் மீதிருந்த நம்பிக்கை ஓர் அறிவிப்பில் முடிந்தது. ஆனால் மனிதர்களைப் பற்றிய நம்பிக்கை அவ்வாறு முடிவதில்லை. ‘இந்தக் கூட்டத்தார் இப்படிப்பட்டவர்கள்’ என்ற ஒரு கற்பனை சட்டமாக, சம்பளமாக, வீடாக, பள்ளியாக உருவெடுத்துவிட்டால், அதை நம்பியவர்கள் மறைந்த பின்னும் அது நிலைத்து நிற்கும். பிறகு, ‘பாருங்கள், நாங்கள் சொன்னது சரிதானே!’ என்று அந்த விளைவையே சான்றாகக் காட்டவும் இயலும். அமெரிக்கச் சமூகவியலாளர் இராபர்ட் மெர்ட்டன் 1948இல் இதைத் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளும் முன்கணிப்பு என்ற கருத்தால் விளக்கினார். நல்ல நிலையில் இருக்கும் வங்கி ஒன்று திவாலாகப் போகிறது என்ற பொய்ச்செய்தி பரவுகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடுகிறார்கள். அதனாலேயே வங்கி உண்மையில் திவாலாகிறது. மலாயாவில் ஓர் இனத்தின் மீதே இத்தகைய முன்கணிப்பு எழுதப்பட்டது.

மூன்று இனங்கள், மூன்று முகமூடிகள்

காலனி ஆட்சிக்கால மலாயாவில் ஆட்சியாளர்களும் தோட்ட முதலாளிகளும் இங்குள்ள மூன்று இனங்களுக்கு மூன்று முகமூடிகளை மாட்டினார்கள். மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் உழைப்பாளி, ஆனால் அடங்காதவர், தமிழர் அடக்கமானவர், சொன்னதைச் செய்பவர். 1880களில் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த ஃபிரெடரிக் வெல்ட், சீனர்களின் எண்ணிக்கைக்கு ஈடாக இந்தியர்கள் வர வேண்டும் என்று அரசியல் காரணங்களுக்காக விரும்பினார். எளிதில் ஆளத்தக்கவர்கள் என்பது இந்தியர்களைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து.

இந்த முகமூடிகளுள் முதலாவதை ஆராய்ந்து கிழித்தெறிந்தவர் பேராசிரியர் சையத் உசேன் அலத்தாஸ். மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினர் ஆகியோர் சோம்பேறிகள் என்ற கற்பிதம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதைப் பற்றி 1977இல் அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. மலாய்க் குடியானவர் வயலிலும் கடலிலும் உழைத்துக்கொண்டுதான் இருந்தார். அந்நியர் தோட்டத்தில் அந்நியர் சொன்ன கூலிக்கு உழைக்க மறுத்தார். அந்த மறுப்புக்கு இடப்பட்ட பெயரே சோம்பல் என்று அவர் விளக்கினார்.

தமிழரின் அடக்கத்தையும் இவ்வாறே உரைத்துப் பார்க்க வேண்டும். அது பிறவிக் குணமா? 1910இல் ஒழிக்கப்படும் வரை நடைமுறையில் இருந்த ஒப்பந்தக் கூலி முறையில், வேலையை விட்டு ஓடிய தொழிலாளி குற்றவாளியாகக் கருதப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். கங்காணி முறையில் ஆளைத் திரட்டி வந்தவர் பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சில வேளைகளில் சொந்தக்காரர். அவரிடம் கடன், அவருக்கு நன்றி, அவர் மீது அச்சம் மூன்றும் சேர்ந்திருந்தன. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அன்றே கூரையும் போகும். இத்தனை கயிறுகளால் கட்டிவிட்டு, ‘இவன் அசைவதே இல்லை, எவ்வளவு சாது!’ என்றார்கள்.

கற்பனை கட்டடமானது எவ்வாறு?

கூலியை எடுத்துக்கொள்வோம். 1920களில் இந்தியத் தொழிலாளர்க்கென நிலைக் கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, ஒரு தொழிலாளியின் மாதச் செலவுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு துணி தேவைப்படும் என்று பட்டியல் போட்டார்கள். அவர் வெட்டிய பாலின் மதிப்பு என்ன என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. ‘இவனுக்கு இவ்வளவு போதும்’ என்ற நம்பிக்கையே கூலியாயிற்று. ஆண்களுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்றிருந்த நிலைக் கூலி, உலகப் பொருளாதார மந்தத்தின்போது 1930இல் 40 காசு, 32 காசு எனக் குறைக்கப்பட்டது. இவ்வளவே பெறுபவர் இவ்வளவில்தான் வாழ முடியும். அதைப் பார்த்து, தமிழனுக்கு இதற்கு மேல் தேவையில்லை என்றார்கள். வட்டம் நிறைவு பெற்றது.

அடுத்தது பள்ளி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல இதனால் பிறந்தவை. அதற்காக நன்றி பாராட்டலாம். ஆனால் அந்தப் பள்ளி எப்படிப்பட்டது? பல இடங்களில் ஓர் ஆயாக் கொட்டகையின் மூலை. பாடம் சொல்லுபவர் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளி அல்லது கங்காணி. பெரும்பாலானவை நான்காம் வகுப்போடு நின்றன. அதற்கு மேல் ஏறப் படிக்கட்டே கட்டப்படவில்லை.

இது கவனக்குறைவு மட்டுமல்ல. கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மாக்ஸ்வெல், மலாய்ப் பள்ளிகளைப் பற்றி 1920ஆம் ஆண்டு அறிக்கையில் கொள்கையை வெளிப்படையாகவே சொன்னார். மீனவரின் மகனைத் தந்தையைவிடச் சற்றே அறிவுள்ள மீனவராகவும், குடியானவரின் மகனை அவ்வாறே சற்றே அறிவுள்ள குடியானவராகவும் ஆக்குவதே கல்வியின் நோக்கம் என்பது அதன் சாரம். தோட்டத் தமிழ்ப்பள்ளியைப் பொறுத்தவரை இதை எழுதி வைக்க வேண்டிய தேவைகூட எழவில்லை. பால்மரத்துக்குப் போகப் போகிற பிள்ளைக்கு நான்காம் வகுப்பு போதும். நான்காம் வகுப்போடு நின்ற பிள்ளை பால்மரத்துக்குத்தான் போக முடியும்.

இது பிறவிக் குணம் அல்ல என்பதற்குச் சான்று அதே தோட்டத்திலேயே இருந்தது. அலுவலகத்தில் பேரேடு எழுதிய கிராணிமார்களுள் பலர் யாழ்ப்பாணத் தமிழர்கள். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் அவர்கள் பெருமளவில் பணிபுரிந்தார்கள். பேசிய மொழி ஒன்றே. வணங்கிய தெய்வங்களும் பெரும்பாலும் ஒன்றே. வேறுபாடு எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பள்ளிகளைத் திறந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கான செமினரியையே நிறுவினார்கள். ஆங்கிலக் கல்வி அங்கே வேரூன்றியது. மரத்தடியில் ஒரு தமிழர், மேசையருகே ஒரு தமிழர். இருவருக்கும் இடையில் இருந்தது பள்ளி. ஆனால் நேரில் பார்த்தவர்கள் அதைப் பிறப்பின் வேறுபாடாகவே கண்டார்கள். வருந்தத்தக்க செய்தி, நம்மவர்களுள் சிலரும் அவ்வாறே கண்டார்கள்.

1941: கிள்ளான்

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நம் தாத்தா பாட்டிமார் ஒன்றுமே கேட்கவில்லையா?

கேட்டார்கள். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். போராட்டம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. அவர்களுடைய கோரிக்கைகளைப் படிக்கும்போது இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது. சீனத் தொழிலாளர்க்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். முறையான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண் தொழிலாளர்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும். இவற்றோடு இன்னொன்று: துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலிக்கும் கல்விக்கும் மருந்துக்கும் இணையாக இந்தச் சிறு வழக்கத்தை அவர்கள் ஏன் வைத்தார்கள்? அவர்கள் வரலாறு படித்தவர்கள் அல்லர். ஆயினும் ஆட்சி எதன் மேல் நிற்கிறது என்பதை அறிந்திருந்தார்கள். ஒவ்வொரு முறை இறங்கும்போதும், ‘நான் தாழ்ந்தவன், நீ உயர்ந்தவன்’ என்ற நாடகம் ஒருமுறை நடித்துக் காட்டப்படுகிறது. நடிக்க மறுத்தால் நாடகம் நின்றுவிடும்.

நிர்வாகம் இதை எவ்வாறு விளக்கியது என்பது நாம் கூர்ந்து நோக்க வேண்டிய இடம். தமிழர் அடக்கமானவர் என்ற கருத்து தவறு என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. அடக்கமான தமிழரை வெளியார் தூண்டிவிட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். அடங்கியிருந்தால் அது இயல்பு. எதிர்த்தால் அது தூண்டுதல். இத்தகைய நம்பிக்கையை எந்தச் சான்றாலும் தோற்கடிக்க இயலாது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கியது.

1943இல் சிங்கப்பூரில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் ஜான்சி இராணி படை அமைக்கப்பட்டது. கேப்டன் இலட்சுமி தலைமையேற்ற அந்தப் பெண்கள் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப்பெண்கள் பலர் சேர்ந்து துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றார்கள். அந்தப் படையின் அரசியலைப் பற்றி வெவ்வேறு கருத்துகள் இருக்கலாம். ஆனால் உளியையும் பால் வாளியையும் தவிர வேறெதையும் தொடத் தெரியாதவர்கள் என்று எண்ணப்பட்ட பெண்கள் அவர்கள். குணம் இரண்டு ஆண்டுகளில் மாறுமா? மாறியது வாய்ப்பு.

நம்பிக்கை கட்டவும் செய்யும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. விடுதலைக்குப் பின் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுச் சென்றபோது தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தை நாமே வாங்கலாம் என்றார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. ஒரு தொழிலாளியின் பத்து வெள்ளியால் ஒரு மரத்தைக்கூட வாங்கியிருக்க முடியாது. அடுத்தவரும் கொடுப்பார் என்று ஆயிரக்கணக்கானோர் நம்பியதால் அந்தப் பத்து வெள்ளி தோட்டமாயிற்று.

நம் வகுப்பறையில்

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1968இல் இராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில் தாங்கள் நடத்திய ஆய்வை நூலாக வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்துவிட்டு, இன்னின்னார் இவ்வாண்டில் நன்கு மலரப் போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். உண்மையில் அப்பெயர்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை. ஆண்டிறுதியில் அந்தப் பிள்ளைகள், குறிப்பாக முதல் இரண்டு வகுப்புகளில், மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். பின்னர் வந்த ஆய்வாளர்கள் இதைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். விளைவு அவ்வளவு பெரிதல்ல என்றும் காட்டினார்கள். அவர்கள் சொன்னதும் சரியே. நம் எதிர்பார்ப்பு மந்திரக்கோல் அன்று. ஆனால் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறோம், யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதில் அது ஒளிந்திருக்கிறது.

இதை எழுதும் எனக்கு ஒரு குற்ற உணர்வு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஐந்து நாள்களுக்கு ஒரு தாளில் மாணவர்களின் பெயர்களை எழுதி, நான் யாரை எத்தனை முறை கேள்வி கேட்கிறேன் என்று கோடு போட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை பார்த்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் ஆறேழு பேரின் பெயர்களுக்கு நேரே கோடுகள் குவிந்திருந்தன. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை. ஐந்து நாள், ஒரு கேள்விகூட இல்லை. அவன் அமைதியான பிள்ளை என்று அறிக்கை அட்டையில் நானே எழுதியிருந்தேன்.

நினைத்துப் பாருங்கள். அவனிடம் பேசாதவன் நான். அமைதியானவன் என்று முத்திரை குத்தியவனும் நான். தமிழரைக் கட்டி வைத்துவிட்டுச் சாது என்ற துரைக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

அதன்பின் அவனைக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். விடை வரும் வரை காத்திருக்கவும் பழகிக்கொண்டேன். அவன் வகுப்பில் முதல் மாணவனாகிவிடவில்லை. ஆனால் அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒரு நாள் தானாகக் கையை உயர்த்தி, “சார், இது எனக்கு விளங்கல” என்றான். அன்று எனக்கு அதுவே போதுமான பரிசு.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பெற்றோர் சந்திப்பு நாள்களில், “எங்க புள்ளைக்கு இது போதும் சார்” என்று பணிவோடு சொல்கிறீர்கள். நான் பல முறை தலையாட்டியிருக்கிறேன். அந்தப் ‘போதும்’ நம் சொல் அன்று. அரிசியும் பருப்பும் எண்ணிக் கூலி நிர்ணயித்தவர்களின் சொல் அது. நான்காம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியவர்களின் சொல் அது. அவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். சொல்லை நம் வாயில் விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

1941இல் என் தாத்தாவுக்கு 26 வயது. அவர் இருந்ததும் சிலாங்கூர்தான். அந்தப் போராட்டத்தில் அவர் கலந்துகொண்டாரா என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை, தாத்தா அடங்கியவர் என்று நானும் நம்பிவிட்டிருந்தேன். இப்போது கேட்க அவர் இல்லை.

அடுத்த வாரம் அந்த மாணவிக்குக் கிள்ளான் கோரிக்கைகளைப் படித்துக் காட்டப் போகிறேன். உங்கள் வீட்டில் தோட்டத்து நினைவுகளோடு பெரியவர் யாரேனும் இருந்தால், பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ‘நீங்க எப்போ எதிர்த்துக் கேட்டீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.